பூமிக்கடி கேபிள்ல ஃபால்ட்டா? தம்பர மாட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை படிங்க

கேபிள் ட்ரிப் ஆயிடுச்சு, திரும்ப போட்டா நிக்க மாட்டேங்குது, உடனே தம்பர (ஹை வோல்டேஜ் அடி அடிச்சு ஃபால்ட் இடத்துல சத்தம் வர வைக்கிற சர்ஜ் ஜெனரேட்டர்) கொண்டா மாட்டுன்னு ஆரம்பிக்கிறதுதான் நிறைய இடத்துல பழக்கம். மாட்டி டொம் டொம்முன்னு அடிச்சுக்கிட்டே ராத்திரி பூரா ரோட்டுல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு நடப்பாங்க, விடியிறப்போ ஒரு குழி தோண்டியிருப்பாங்க, அதுக்குள்ள நல்ல கேபிள்தான் இருக்கும். இதுல மெஷின குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, ஃபால்ட் என்ன ரகம்னே தெரியாம மெஷின எடுத்ததுதான் பிரச்சனை. ஒவ்வொரு ஸ்டெப்போட ரிசல்ட்டுதான் அடுத்து எந்த மீட்டர எடுக்கணும்னு முடிவு பண்ணும். மெக்கர்ல (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்குற மீட்டர்) அரை மணி நேரம் ஒழுங்கா உக்காந்தீங்கன்னா ரோட்டுல அஞ்சு மணி நேரம் மிச்சம்.

கீழ எழுதுறது பெரும்பாலும் 11 கேவி 33 கேவி மாதிரி நடுத்தர வோல்டேஜ் கேபிள மனசுல வெச்சு எழுதினது, எல்டி (லோ வோல்டேஜ்) கேபிள பத்தி கடைசியில கொஞ்சம் சொல்றேன்.

தொடுறதுக்கு முன்னாடி

ரெண்டு பக்கமும் ஐசொலேட் பண்ணி, டெட்டான்னு டிடெக்டர் வெச்சு பாத்து, எர்த் போட்டு, பெர்மிட் கையில வாங்கினதுக்கு அப்புறம்தான் டெர்மினேஷன (கேபிள் முனை லைனோட சேர்ற இடம்) கழட்டணும். இது எல்லாருக்கும் தெரியும்னு சொல்வீங்க, ஆனா டெஸ்ட் பண்ணும்போது ஆபத்து இருக்கறது லைன் பக்கத்துல மட்டும் இல்ல, நம்ம மெஷினே கேபிளுக்குள்ள சார்ஜ ஏத்துது. கேபிள்னா ஒரு நீளமான கெப்பாசிட்டர்தான், 1 மைக்ரோ ஃபாரட் இருக்கற கேபிள் 19 கேவிக்கு சார்ஜ் ஆனா உள்ள 180 ஜூல் உக்காந்திருக்கும், அது ஆள கொல்றதுக்கு போதும். டெஸ்ட் முடிஞ்சதும் முதல்ல ரெசிஸ்டர் உள்ள டிஸ்சார்ஜ் ராடால இறக்கி, அப்புறம் நேரடி எர்த் போட்டு, அந்த எர்த்த அப்படியே விட்டுடுங்க. டிசி கொடுத்த கேபிள ஒரு நிமிஷம் எர்த் பண்ணிட்டு எடுத்தீங்கன்னா இன்சுலேஷனுக்குள்ள தேங்கின சார்ஜ் மெதுவா வெளிய வந்து வோல்டேஜ் திரும்ப ஏறும், டெஸ்ட் பண்ண நேரத்த விட பல மடங்கு நேரம் எர்த்லயே இருக்கட்டும்.

இன்னொண்ணு, மறுமுனை. அங்க ஒரு ஆள் கண்டிப்பா நிக்கணும், சுத்தி டேப் கட்டியிருக்கணும், போனோ வாக்கிடாக்கியோ கையில இருக்கணும். நீங்க இந்தப் பக்கம் 10 கேவி சர்ஜ் அடிச்சா, அந்தப் பக்கம் ஓபனா இருந்தா அலை போய் மோதி திரும்பும்போது அங்க வோல்டேஜ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். அதனால "அந்தப் பக்கம்தான் யாரும் இல்லையே"ன்னு விடக்கூடாது, யாரும் இல்லேன்னு சொல்ல அங்க ஒருத்தர் இருக்கணும்.

மெஷினுக்கு சேஃப்டி எர்த் தனி, சர்ஜ் கரண்ட் திரும்பி வர்ற ரிட்டர்ன் லீட் தனி. ரிட்டர்ன் லீட நேரா கேபிள் ஸ்கிரீன்லயே (இன்சுலேஷன சுத்தி இருக்கற உலோக உறை), முடிஞ்ச வரைக்கும் குட்டையா மாட்டணும். ரெண்டையும் ஒரே பெயின்ட் அடிச்ச ஆங்கிள்ல கிளிப் போட்டு விடுறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க.

மெக்கர் என்ன சொல்லுது

டெர்மினேஷன துடைங்க, ஈரமோ தூசியோ இருந்தா அதோட லீக்கேஜ கேபிள் தலையில போட்டுடுவீங்க. அரெஸ்டர், பிடி (வோல்டேஜ் அளக்குற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்), டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் பிரிச்சு கேபிள் மட்டும் தனியா நிக்கணும். அப்புறம் ஒவ்வொரு ஃபேஸையும் ஸ்கிரீனுக்கு எதிரா பாருங்க, அப்போ மத்த ரெண்டு ஃபேஸும் எர்த்ல இருக்கணும். 11 கேவி கேபிளுக்கு 5 கேவி மெக்கர், எல்டிக்கு 500 இல்ல 1000 வோல்ட் போதும்.

ரீடிங் வரும்போது மூணு ஃபேஸையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க, தனி நம்பர் ஒண்ணுக்கும் உதவாது. நீளம் கூடக் கூட இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறையும், சூடு கூடினாலும் குறையும், அதனால 3 கிலோமீட்டர் கேபிள்ல வர்ற ரீடிங்க 300 மீட்டர் கேபிளோட ஒப்பிட்டு பயப்படக்கூடாது. ரெண்டு ஃபேஸ் ஜிகா ஓம்ல இருக்கு, ஒண்ணு மட்டும் 2 மெகா ஓம்னா கதை முடிஞ்சது, ஆள் அதுதான். பத்து நிமிஷ ரீடிங்க ஒரு நிமிஷ ரீடிங்கால வகுத்து பிஐ (போலரைசேஷன் இண்டெக்ஸ்) பாக்குற பழக்கம் பேப்பர் இன்சுலேஷன் கேபிளுக்கும் மோட்டாருக்கும் சரி, எக்ஸ்எல்பிஇல (பிளாஸ்டிக் இன்சுலேஷன் உள்ள கேபிள்) அப்சார்ப்ஷன் ரொம்ப கம்மி, அங்க அந்த நம்பர வெச்சு பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது.

ரீடிங் மெக்கர்ல ஜீரோ காட்டுச்சுன்னா அதோட நிறுத்தாதீங்க. மெக்கருக்கு 5 ஓமும் ஜீரோதான், 5 ஆயிரம் ஓமும் கிட்டத்தட்ட ஜீரோதான், ஆனா நமக்கு ரெண்டும் வேற வேற வேலை. மல்டிமீட்டர எடுத்து எத்தனை ஓம்னு எழுதி வைங்க, ஏன்னு டிடிஆர் (பல்ஸ் அனுப்பி தூரம் அளக்குற மீட்டர்) பத்தி வரும்போது புரியும்.

அடுத்து கன்டினியுட்டி. மறுமுனையில மூணு ஃபேஸையும் ஷார்ட் பண்ணி இங்கருந்து ரெண்டு ரெண்டா லூப் ரெசிஸ்டன்ஸ் அளக்கணும். 240 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கண்டக்டர் கிலோமீட்டருக்கு 0.125 ஓம், அப்போ ஒரு கிலோமீட்டர் கேபிள்ல போய் வர்றதுக்கு 0.25 ஓம் வரணும். ஒரு ஜோடி 0.25, மத்த ரெண்டு ஜோடியும் 4 ஓம்னா, அந்த ரெண்டுக்கும் பொதுவான ஃபேஸ்ல எங்கயோ ஒரு ஜாயின்ட்ல ஃபெரூல் (கண்டக்டர சேக்குற குழாய்) கருகியிருக்கு. சாதாரண பஸர் மீட்டர்ல இது பீப் அடிச்சு பாஸாயிடும், அதனால மைக்ரோ ஓம் மீட்டர்தான் இதுக்கு.

ஸ்கிரீனையும் விட்டுடாதீங்க. மறுமுனையில ஒரு ஃபேஸ ஸ்கிரீனோட சேத்து லூப் பாருங்க. செப்பு டேப் தண்ணி பட்டு அரிச்சு எங்கயாவது விட்டிருந்தா, டிடிஆர் அந்த இடத்துல கேபிளே முடிஞ்சு போன மாதிரி காட்டும், சர்ஜுக்கு ரிட்டர்ன் பாதை இருக்காது, ஒரு ராத்திரி பூரா பேய் பிடிச்ச மாதிரி ரீடிங் வரும். நிறைய பேர் இந்த டெஸ்ட்ட பண்றதே இல்ல.

மெக்கர்ல மூணு ஃபேஸும் நல்லா இருக்கு, ஆனா லைன் போட்டா ட்ரிப் ஆகுதுன்னா அது ஃபிளாஷிங் ஃபால்ட். குறிப்பிட்ட வோல்டேஜ் வர்ற வரைக்கும் நல்ல பிள்ளையா இருந்துட்டு அதுக்கு மேல உடையும். ஜாயின்ட்டுக்குள்ள, டெர்மினேஷனுக்குள்ள இருக்கற குறைங்க பெரும்பாலும் இந்த ரகம். இதுக்கு விஎல்எஃப்போ (ரொம்ப கம்மி ஃப்ரீக்வன்சி ஏசி செட்) டிசி செட்டோ வெச்சு மெதுவா ஏத்தி எத்தனை கேவில உடையுதுன்னு குறிச்சுக்கணும்.

இப்போ கையில ஒரு முடிவு இருக்கும்: ஷார்ட்டா, ஹை ரெசிஸ்டன்ஸா, ஃபிளாஷிங்கா, கண்டக்டர் அறுந்திருக்கா, இல்ல வெளி ஷீத் (வெளிப்பக்க உறை) மட்டும்தானா. ஒவ்வொரு கோருக்கும் தனி ஸ்கிரீன் இருக்கற கேபிள்னா ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நேரடி ஷார்ட்ட தேட வேண்டியதில்ல, எது உடைஞ்சாலும் முதல்ல ஸ்கிரீனுக்குத்தான் உடையும்.

தூரம் கண்டுபிடிக்கிறது

மெஷினுக்கு போறதுக்கு முன்னாடி ஒருத்தர ரூட்ல ஒரு நடை நடந்துட்டு வரச் சொல்லுங்க. புதுசா தோண்டி மூடின இடம், போஸ்ட் நட்ட இடம், ஜேசிபி தடம். பூமிக்கடி கேபிளுக்கு பெரிய எதிரி அடுத்தவன் கடப்பாரைதான், பாதி நேரம் மெஷினே தேவைப்படாது.

டிடிஆர் ஒரு சின்ன பல்ஸ கேபிளுக்குள்ள அனுப்பி எங்கெங்க இம்பீடன்ஸ் மாறுதோ அங்கருந்து திரும்பி வர்றத காட்டும். அறுந்திருந்தா மேல எழும்பும், ஷார்ட்டா இருந்தா கீழ விழும், நல்ல ஜாயின்ட் சின்னதா ஒரு நெளிவு மாதிரி தெரியும், தண்ணி ஏறின ஜாயின்ட் அசிங்கமா அகலமா நெளியும். போய் வந்த நேரத்த வேகத்தோட பாதியால பெருக்கினா தூரம். இந்த பாதி வேகத்த தொழில்ல வி பை 2ன்னுதான் சொல்றது, எக்ஸ்எல்பிஇக்கு மைக்ரோ செகண்டுக்கு சுமார் 80ல இருந்து 87 மீட்டர், பேப்பர் கேபிளுக்கு 75ல இருந்து 80. புத்தகத்துல எக்ஸ்எல்பிஇயோட பெர்மிட்டிவிட்டி 2.3ன்னு போட்டு கணக்கு பண்ணா 99 வரணுமே ஏன் கம்மின்னு கேப்பீங்க, கண்டக்டர் மேலயும் இன்சுலேஷன் மேலயும் இருக்கற செமிகான் (அரைக்கடத்தி) லேயர்தான் அலைய மெதுவாக்குது. அதனால கம்பெனிக்கு கம்பெனி வயசுக்கு வயசு மாறும்.

அந்த நம்பர மெனுவுல இருந்து எடுத்து அப்படியே நம்பாதீங்க, உங்க கேபிள்லயே கண்டுபிடிங்க. கேபிள் நீளம் 1240 மீட்டர்னு உறுதியா தெரியும், நல்ல ஃபேஸ்ல 84 வெச்சு பாத்தா முனை 1300ல தெரியுதுன்னு வெச்சுக்கங்க, அப்போ சரியான வி பை 2 என்பது 84 × 1240 ÷ 1300, அதாவது சுமார் 80. இத திருத்தாம விட்டா 800 மீட்டர்ல இருக்கற ஃபால்ட்ட 840ல தோண்டுவீங்க. நீளம் தெரியலைனா ரெண்டு முனையில இருந்தும் ஃபால்ட்ட அளந்து, விகிதத்துல பிரிச்சுக்கலாம்.

டிடிஆர் பாக்குறப்போ ஒரு ஃபேஸ மட்டும் வெச்சு முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. நல்ல ஃபேஸோட டிரேஸ சேவ் பண்ணி, கெட்ட ஃபேஸ அதுமேல போட்டு, ரெண்டும் எங்க பிரியுதுன்னு பாருங்க, ஜாயின்ட்டு, டீ (கிளை பிரியிற இடம்) எல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரி வரும், பிரியிற இடம் மட்டும்தான் செய்தி. மறுமுனையில ஆள் இருக்காரே, அவர ஃபேஸ எர்த் பண்ணி எடுக்கச் சொல்லுங்க, டிரேஸ்ல எது துள்ளுதோ அதுதான் முனை. பல்ஸ் அகலமும் முக்கியம், 100 நேனோ செகண்ட் பல்ஸ்னா முதல் 8 மீட்டர் கண்ணுக்கு தெரியாது, 1 மைக்ரோ செகண்ட்னா 80 மீட்டர் போச்சு. சின்னதுல ஆரம்பிச்சு தேவைப்பட்டா கூட்டுங்க, டெர்மினேஷனுக்கு பக்கத்துலயே சந்தேகம்னா மறுமுனைக்கு போய் பாருங்க.

இப்போ அந்த மல்டிமீட்டர் ரீடிங். கேபிளோட சொந்த இம்பீடன்ஸ் 30 ஓம்னு வெச்சுக்கிட்டா, ஃபால்ட்டும் 30 ஓமா இருந்தா பல்ஸ்ல மூணுல ஒரு பங்கு திரும்பி வரும், நல்லா தெரியும். ஃபால்ட் 300 ஓம்னா 5 சதவீதம் கூட வராது, ஜாயின்ட்டோட நெளிவுக்குள்ள மறைஞ்சு போகும். 3000 ஓம்னா அரை சதவீதம், பல்ஸ் அத கண்டுக்காம தாண்டி போயிடும். அதனால சில நூறு ஓமுக்கு மேல இருந்தா வெறும் டிடிஆர்ல தேடுறது நேர விரயம், மெக்கர்ல மெகா ஓம் காட்டின ஃபால்ட்ட டிடிஆர்ல பாத்து "ஒண்ணும் தெரியல, கேபிள் நல்லா இருக்கு"ன்னு சொல்ற ஆளுங்கள நம்பாதீங்க.

அந்த மாதிரி ஃபால்ட்டுக்கு ஏஆர்எம் (ஆர்க் ரிஃப்ளெக்ஷன் முறை). சர்ஜ் ஜெனரேட்டர் ஒரு அடி அடிக்கும், ஃபால்ட்ல ஆர்க் பத்தும், ஆர்க் எரியிற அந்த கண நேரம் ஃபால்ட் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி ஆயிடும், அந்த இடைவெளியில டிடிஆர் பல்ஸ அனுப்பி டிரேஸ் எடுத்துடும். சர்ஜ் இல்லாம முன்னாடியே எடுத்த டிரேஸ்மேல இத போட்டா பிரியிற இடம் பளிச்சுன்னு தெரியும். ஒண்ணு ரெண்டு அடியில வேலை முடியும், கேபிளுக்கும் சேதம் கம்மி. என்கிட்ட கேட்டா எக்ஸ்எல்பிஇல பெரும்பாலான ஃபால்ட்டுக்கு முதல்ல எடுக்க வேண்டியது இததான்னு சொல்வேன்.

ஆர்க் நிலைக்க மாட்டேங்குது, ஜாயின்ட்டுக்குள்ள தண்ணி, கேபிள் ரொம்ப நீளம், இப்படி இருந்தா ஐசிஇ (இம்பல்ஸ் கரண்ட் முறை). அங்க டிடிஆர் பல்ஸ் கிடையாது, உடைஞ்சப்போ கிளம்பின கரண்ட் அலை மெஷினுக்கும் ஃபால்ட்டுக்கும் நடுவுல ஓடுறத அளக்குறோம். முதல் இடைவெளிய எடுக்காதீங்க, அதுல ஃபால்ட் உடையிறதுக்கு எடுத்துக்கிட்ட தாமதமும் கலந்திருக்கும், ரெண்டாவதுல இருந்து மூணாவது வரைக்கும் எடுங்க. சர்ஜ் ஜெனரேட்டரோட வோல்டேஜே போதாத ஃபிளாஷிங் ஃபால்ட்டுக்கு டீகே முறை, டிசியோ விஎல்எஃப்போ வெச்சு கேபிளையே சார்ஜ் பண்ணி அது தானா உடையிறப்போ வர்ற ஆட்டத்த பிடிக்கிறது. அதுல ஒரு முழு அலைக்கு ஃபால்ட் தூரத்த அலை நாலு தடவை கடந்திருக்கும், அதனால வேகத்த நாலால வகுக்கணும், பழக்கதோஷத்துல ரெண்டால வகுத்தா தூரம் டபுள் ஆயிடும். புது மெஷினெல்லாம் தானே பாத்துக்கும், மோட சரியா செலக்ட் பண்ணா.

முர்ரே லூப் பிரிட்ஜ பழசுன்னு ஒதுக்காதீங்க. ஒரு நல்ல கோர் இருந்து, ஃபால்ட் ஆர்க் பத்தாத ரகமா, சும்மா சில நூறு கிலோ ஓம்ல லீக் ஆகிக்கிட்டே இருந்தா பிரிட்ஜ விட்டா வேற நல்ல வழி இல்ல. மறுமுனையில நல்ல கோரையும் கெட்ட கோரையும் ஜம்பர் போட்டு லூப்பாக்கணும், பிரிட்ஜ் பேலன்ஸ் ஆகுற விகிதத்த மொத்த லூப் நீளத்தால பெருக்கணும். 1240 மீட்டர் கேபிள், விகிதம் 0.31னா 2480 × 0.31, சுமார் 769 மீட்டர். எல்லாத் தப்பும் அந்த ஜம்பர்லதான் நடக்கும். முன்ன சொன்ன 240 ஸ்கொயர் அலுமினியத்துல 5 மில்லி ஓம் கூடுதல் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ்னா நடுவுல 40 மீட்டர் கேபிள சேத்த மாதிரி, அதனால தடிமனான ஜம்பர், போல்ட் போட்டு முறுக்கணும், கிராக்கடைல் கிளிப் எல்லாம் வேலைக்கு ஆகாது. நடுவுல வேற சைஸ் கேபிள் சேத்திருந்தா அந்த துண்ட முதல் சைஸுக்கு சமமான நீளமா மாத்திட்டுத்தான் பெருக்கணும்.

கண்டக்டர் சுத்தமா அறுந்திருந்தா ஒரு சுலபமான வழி, கெப்பாசிட்டன்ஸ் மீட்டர். நல்ல ஃபேஸ் 0.36 மைக்ரோ ஃபாரட், அறுந்தது 0.12னா மூணுல ஒரு பங்கு தூரத்துல அறுந்திருக்கு. டிடிஆரோட ஒத்து வருதான்னு பாக்க நல்லா உதவும்.

பழைய ஆளுங்க பர்னர் போட்டு ஃபால்ட்ட எரிச்சு ரெசிஸ்டன்ஸ குறைப்பாங்க. பேப்பர் கேபிள்ல கரி பிடிச்சு அது வேலை செய்யும், எக்ஸ்எல்பிஇ உருகி திரும்ப மூடிக்கும், கரி பாதை உருவாகாது, அதனால அதுல பர்னர் பெரும்பாலும் வெட்டி வேலை.

பாதை

மெஷின் சொல்றது கேபிளோட நீளம், ரோட்டோட நீளம் இல்ல. ஜாயின்ட் கிட்ட விட்ட லூப், டெர்மினேஷன்ல மேல ஏறினது, ட்ரெஞ்ச்ல வளைஞ்சு நெளிஞ்சு போனது எல்லாம் அதுல சேரும். படத்துல நேர்கோடா இருக்கும், நிலத்துல இருக்காது. அதனால ரூட் டிரேஸ் பண்ணாம டேப்ப மட்டும் பிடிச்சு தோண்டப் போறது சூதாட்டம்.

ஆடியோ ஜெனரேட்டர கோருல மாட்டி மறுமுனைய எர்த் பண்ணுங்க, ஆனா ரிட்டர்ன அதே கேபிளோட ஸ்கிரீன்ல கொடுத்தா போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுடும், மேல சிக்னலே வராது. கொஞ்சம் தள்ளி தனியா எர்த் ராடு அடிச்சு மண்ணு வழியா திரும்பி வர வைங்க, ஸ்கிரீன முடிஞ்சா ரெண்டு முனையிலயும் எர்த்ல இருந்து எடுத்து விடுங்க. ஃப்ரீக்வன்சி கம்மியா வைங்க, 500 ஹெர்ட்ஸ் பக்கம்னா தூரம் போகும், பக்கத்து கேபிளுக்கு தாவாது. 33 கிலோ ஹெர்ட்ஸ்ல போனா சுலபமா பிடிக்கும் ஆனா பக்கத்துல இருக்கற தண்ணி பைப், டெலிபோன் கேபிள் எல்லாம் பாட ஆரம்பிக்கும். ஆழம் பாக்கணும்னா கையில இருக்கற ரிசீவரோட காயில 45 டிகிரி சாய்ச்சு நடுவுல இருந்து பக்கவாட்டுல நகருங்க, சத்தம் எங்க செத்துப் போகுதோ அதுவரைக்கும் நகர்ந்த தூரம்தான் ஆழம்.

சரியான இடத்த பிடிக்கிறது

இப்பதான் தம்பருக்கு வேலை. ப்ரீலொகேஷன் (டிடிஆர் மாதிரி மெஷின் வெச்சு முதல்ல கண்டுபிடிச்ச தூரம்) சொன்ன இடத்துக்கு முன்னாடி பின்னாடி சில பத்து மீட்டர் மட்டும் நடந்தா போதும், முழு ரூட்டும் நடக்க வேண்டியதில்ல.

ரேஞ்ச் செலக்ட் பண்றதுல ஒரு விஷயம். சத்தம் வோல்டேஜால மட்டும் வராது, எனர்ஜியால வரும், எனர்ஜி வோல்டேஜோட வர்க்கத்துல போகும். 8 மைக்ரோ ஃபாரட் 16 கேவில 1024 ஜூல், அதையே 16 கேவி ரேஞ்ச்ல வெச்சு 8 கேவி மட்டும் ஏத்தினா 256 ஜூல்தான், கால்வாசி. ஃபால்ட் 6 கேவிலயே உடையுதுன்னா ரேஞ்ச் சுவிட்ச 8 கேவிக்கு மாத்துங்க, உள்ள கெப்பாசிட்டர்ங்கள பேரலலா மாத்தி 32 மைக்ரோ ஃபாரட் ஆக்கிடும், அதே 1024 ஜூல் குறைஞ்ச வோல்டேஜ்லயே கெடைக்கும். நல்லா கேக்கணும்னு வோல்டேஜ ஏத்திக்கிட்டே போறதுதான் பழைய கேபிள்ல புது ஃபால்ட் உண்டாக்குற வழி. குறிப்பா வாட்டர் ட்ரீ (ஈரத்தால இன்சுலேஷனுக்குள்ள மரக்கிளை மாதிரி பரவுற சேதம்) உள்ள பழைய எக்ஸ்எல்பிஇ, 1970கள்ல போட்ட ஆரம்ப கால கேபிள்கள்ல இது ரொம்ப சகஜம், அதுல மணிக்கணக்கா அடிச்சா இன்னிக்கு ஒரு ஃபால்ட் சரி பண்ணிட்டு அடுத்த மாசம் வேற இடத்துல தோண்டுவீங்க.

வெறும் காதால கேக்குற ரிசீவர விட ரெண்டு சிக்னலையும் எடுக்குற ரிசீவர் நல்லது. ஃபால்ட் உடையிறப்போ காந்த அலை உடனே வந்துடும், சத்தம் மண்ணுக்குள்ள மெதுவா வரும், மின்னலுக்கு அப்புறம் இடி கேக்குற மாதிரிதான். ரெண்டுக்கும் உள்ள இடைவெளிய ரிசீவர் மில்லி செகண்ட்ல காட்டும், நடக்க நடக்க அந்த நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்து திரும்ப ஏற ஆரம்பிக்கும், எங்க ரொம்ப கம்மியோ அதுக்கு நேர் கீழதான் ஃபால்ட். சத்தம் எங்க பெருசா இருக்குன்னு பாத்து ஏமாறாதீங்க. கான்க்ரீட் ஸ்லாப், காலி இடம், கெட்டியான மண்ணு இதெல்லாம் சத்தத்த வேற எடத்துக்கு இழுத்துட்டு போகும், நம்பர் அப்படி ஏமாத்துறது ரொம்ப கம்மி. காந்த சிக்னல் வருது ஆனா சத்தமே இல்லைனா நீங்க கேபிள் மேலதான் நிக்கிறீங்க, ஃபால்ட் இன்னும் தூரத்துல இருக்கு. டக்ட்டுக்குள்ள போற கேபிள்னா சத்தம் டக்ட்டோட ரெண்டு வாயிலயும் கேக்கும், நடுவுல கேக்காது, அங்க ப்ரீலொகேஷன் தூரத்ததான் நம்பணும்.

முழு ஷார்ட், அதாவது கண்டக்டர் உருகி ஸ்கிரீனோட ஒட்டிக்கிட்டது, அதுல ஆர்க்கே வராது, ஆர்க் இல்லைனா சத்தம் இல்ல. மெக்கர் கிட்ட உக்காந்து அது 2 ஓம்னு எழுதி வெச்சிருந்தா ராத்திரி பூரா அடிச்சு பாக்க மாட்டீங்க. அது ஸ்கிரீன் இல்லாம கோருங்க முறுக்கி வர்ற கேபிள்ல ரெண்டு கோர் ஒட்டிக்கிட்ட கேஸ்னா, ஆடியோ ஜெனரேட்டர அந்த ரெண்டு கோருக்கும் நடுவுல மாட்டி நடங்க, முறுக்குக்கு ஏத்த மாதிரி சிக்னல் ஏறி இறங்கும், ஃபால்ட்ட தாண்டினதும் அந்த ஏத்த இறக்கம் நின்னுடும்.

வெளி ஷீத் ஃபால்ட் வேற உலகம். ஸ்கிரீன ரெண்டு முனையிலயும் எர்த்ல இருந்து கழட்டிட்டு, ஸ்கிரீனுக்கும் நிலத்துக்கும் நடுவுல டிசி பல்ஸ் கொடுத்து, மேல ரெண்டு ஸ்பைக் குத்தி வோல்டேஜ் பாத்துக்கிட்டே போகணும். கிட்ட வர வர முள் பெருசா ஆடும், நேர் மேல வந்தா ரெண்டு ஸ்பைக்குக்கும் நடுவுல ஜீரோ, தாண்டினா எதிர்ப்பக்கம் ஆடும். கேபிளுக்கு குறுக்காவும் ஒரு தடவை பாத்தா சென்டிமீட்டர் கணக்குல இடம் கெடைக்கும். தார் ரோடு காய்ஞ்சிருந்தா ஸ்பைக் குத்துற இடத்துல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.

எல்டி கேபிள்ல பெரும்பாலும் ஸ்கிரீன் கிடையாது, வழி பூரா சர்வீஸ் இழுத்திருப்பாங்க, டிடிஆர்ல பாத்தா சீப்பு மாதிரி இருக்கும். வீடுங்கள எல்லாம் பிரிக்காம சர்ஜ் அடிச்சா அடுத்தவங்க டிவி ஃப்ரிட்ஜ் போச்சு, அது கூடவே கூடாது. நிலத்துக்கு லீக் ஆகுற ஃபால்ட்டுக்கு மேல சொன்ன ஸ்பைக் முறையே நல்லா வேலை செய்யும்.

வெட்டுறதுக்கு முன்னாடி

குழிக்குள்ள அஞ்சு கேபிள் இருக்கும், அஞ்சும் கருப்பா இருக்கும். கலர், டேக், "இதுதான் சார் எனக்கு தெரியும்" எதையும் நம்பாதீங்க. ஐடென்டிஃபையர் வெச்சு திசை பாக்குற பல்ஸ அனுப்பி உறுதி பண்ணுங்க, நம்ம கேபிள்ல மட்டும் கரண்ட் ஒரு திசையில போகும், மத்தது எல்லாத்துலயும் எதிர்த் திசையில கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். அப்புறமும் கத்தி வைக்காதீங்க, தூரத்துல இருந்து இயக்குற ஸ்பைக்கிங் டூல மாட்டி ஆணிய உள்ள ஏத்தின பிறகுதான் ரம்பம். இது ஒண்ணுல மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் காதுல வாங்காதீங்க, பெரிய ஆஃபிசரா இருந்தாலும் சரி.

ஜாயின்ட் போட்ட பிறகு

வெட்டி பாக்குறப்போ தண்ணி கண்டக்டருக்குள்ள எத்தனை தூரம் போயிருக்குன்னு பாருங்க, ஈரம் இல்லாத இடம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புது துண்டு சேருங்க, ஒரு ஜாயின்ட்ட மிச்சம் பிடிக்கப் போய் ஈரத்த உள்ளயே வெச்சு மூடினா அதே இடத்துக்கு திரும்ப வருவீங்க.

டெஸ்ட்டுக்கு விஎல்எஃப், 0.1 ஹெர்ட்ஸ். ஏன் 50 ஹெர்ட்ஸ்ல பண்ணக்கூடாதுன்னா, 1 மைக்ரோ ஃபாரட் கேபிள 19 கேவிக்கு ஏத்த 50 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 113 கேவிஏ வேணும், லாரி சைஸ் டிரான்ஸ்ஃபார்மர். 0.1 ஹெர்ட்ஸ்ல 500 மடங்கு கம்மி, 227 விஏ போதும், கையில தூக்கிட்டு போற பெட்டி. டிசி இன்னும் சின்னதா இருக்குமேன்னு கேட்டா, பழைய எக்ஸ்எல்பிஇல டிசி கொடுத்தா வாட்டர் ட்ரீக்குள்ள சார்ஜ் மாட்டிக்கும், டெஸ்ட் பாஸாகி லைன் போட்டதும் அந்த இடத்துல உடையும். பேப்பர் கேபிளுக்கு டிசி ஓகே, எக்ஸ்எல்பிஇக்கு வேண்டாம்.

புது கேபிளுக்கு ஃபேஸ் வோல்டேஜோட 3 மடங்கு, ஐஇசி 60502 பாகம் 2 படி 15 நிமிஷம். 11 கேவி சிஸ்டத்துக்கு ஃபேஸ் வோல்டேஜ் 6.35, அப்போ 19 கேவி. வருஷக்கணக்கா ஓடின கேபிள்ல ஜாயின்ட் போட்டிருந்தா அந்த அளவு வேண்டாம், சுமார் முக்கால் பங்குல வெச்சு அரை மணி நேரத்துக்கு குறையாம ஓட விடுங்க. டெஸ்ட்ல உடைஞ்சா திட்டாதீங்க, அது லைன்ல இருக்கறப்போ உடைய வேண்டியது. பிடி (பார்ஷியல் டிஸ்சார்ஜ்) டெஸ்ட்டும் டான் டெல்டாவும் (இன்சுலேஷன்ல வீணாகுற பவரோட அளவு) பண்ண வசதி இருந்தா நல்லது, டான் டெல்டாவ ஃபேஸ் வோல்டேஜுக்கு பாதி, சமம், ஒண்ணரை மடங்குன்னு மூணு படியில எடுங்க, வோல்டேஜோட சேந்து நம்பர் ஏறிக்கிட்டே போனா கேபிள் முழுக்க வயசாயிடுச்சு, அடுத்த ஜாயின்ட்டுக்கும் ஆள் ரெடி பண்ணி வைங்க.

ஷீத் டெஸ்ட் தனி. ஐஇசி 60229 படி ஷீத் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு 4 கேவி டிசி, அதிகபட்சம் 10 கேவி, ஒரு நிமிஷம். புது கேபிள்ல குழிய மூடின கையோட பண்ணிடணும், ஷீத்ல ஓட்டை இருந்தா அன்னிக்கே தெரிஞ்சுடும், காண்ட்ராக்டர் ஆளுங்க கிளம்பறதுக்கு முன்னாடி.

கடைசியா ஃபேஸிங் செக் பண்ணிட்டு லைன் போடுங்க. குழிய மூடுறதுக்கு முன்னாடி ஜாயின்ட் இருக்கற இடத்த ரெண்டு நிரந்தர அடையாளத்துல இருந்து அளந்து, எந்த ஃபேஸ், எத்தனை மீட்டர்ல டிடிஆர் காட்டுச்சு, உண்மையில எங்க இருந்துச்சு, எந்த வி பை 2 சரியா வந்துச்சு எல்லாத்தையும் படத்துல எழுதுங்க, நல்ல ஃபேஸோட டிடிஆர் டிரேஸையும் ஃபைல்ல போட்டு வைங்க. புது ஜாயின்ட் சேந்ததால பழைய டிரேஸ் இனி பொருந்தாது, மூணு ஃபேஸையும் புதுசா எடுத்து சேவ் பண்ணுங்க.